வலிக்காத சூடு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் பம்ப் டிசைன் பற்றிப் பேசுவேன் என்று நினைத்துத்தான் செயலாளர் என்னை அழைத்தார். பம்ப் பற்றிக் கேட்க ஞாயிற்றுக்கிழமையில் யாரும் இவ்வளவு தூரம் வர மாட்டீர்கள். அதனால் என் முதுகெலும்பைப் பற்றிப் பேசப்போகிறேன். எங்கள் செட் பையன்களுக்குப் பாதிக் கதை தெரியும். மீதியை அவர்களிடம்கூட நான் சொன்னதில்லை.

பிளஸ் டூ படிக்கும்போது சட்டைக்கு அளவெடுத்த தையற்காரர்தான் முதலில் கண்டுபிடித்தார். "தம்பிக்கு ஒரு தோள் இறங்கியிருக்கே" என்றார். அம்மா என் புத்தகப் பையைத் திட்டினார். எக்ஸ்ரே எடுத்ததில் முதுகெலும்பு மார்புப் பகுதியில் இடப்பக்கமாக 24 டிகிரி வளைந்திருந்தது. ஸ்கோலியோசிஸ் என்றார்கள். வளைவு 10 டிகிரியைத் தொட்டாலே அந்தப் பெயர்தான். வளர்ச்சி முடிந்துவிட்டது, பெல்ட் வேண்டாம், நிமிர்ந்து உட்காரச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அதைப் பெரிய தப்பு என்றும் சொல்ல மாட்டேன். இந்த வளைவு உள்ளவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்குக் காரணமே தெரிவதில்லை. பைச் சுமையால் வருவதும் இல்லை. அம்மா அந்தப் பையை அநியாயமாகத்தான் திட்டினார். மிச்சமுள்ள இருபதில் நான் ஒருவன் என்பது 2006-ல் நம் கல்லூரி ஸ்மித்தி ஷெட்டில்தான் தெரிந்தது.

முதலாண்டு. உருண்டைக் கம்பியைச் சதுரமாக அடிக்கிற ஜாப். சிவப்பு மங்கிக் கறுத்துவிட்ட கம்பியை, ஆறிவிட்டது என்று நினைத்து வலது கையால் எடுத்துவிட்டேன். எடுத்ததோடு நிற்காமல், கையில் வைத்துக்கொண்டே காலிப்பரைத் தேடினேன். தோல் தீய்கிற வாசனை வந்ததும் பக்கத்தில் இருந்தவன்தான் கத்தினான். உள்ளங்கை வெந்திருந்தது. எனக்கு வலிக்கவில்லை. பையன்கள் கைதட்டி 'இரும்புக்கை மாயாவி' என்று பெயர் வைத்தார்கள். நான்கு வருஷமும் அதுதான் என் பெயர். உண்மையைச் சொன்னால் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர் சார் மட்டும் கைதட்டவில்லை. மருந்து போட்டுவிட்டு, "வலிக்கலையாடா?" என்று மூன்று தடவை கேட்டார். மறுநாள் கூப்பிட்டு, கண்ணை மூடச் சொல்லி, ஒரு தம்ளரில் சுடுதண்ணீரும் இன்னொன்றில் பச்சைத் தண்ணீரும் வைத்து, கட்டுப் போடாத விரல்களால் தொடச் சொன்னார். இடது கைக்கு வித்தியாசம் தெரிந்தது. வலது கைக்குத் தெரியவில்லை. "இது தைரியம் இல்லடா, கோளாறு. மொதல்ல டாக்டரைப் பாரு" என்று சொல்லிப் பஸ்ஸுக்குப் பணமும் கொடுத்தார்.

மதுரையில் நான் பார்த்த நரம்பியல் மருத்துவர் கையைப் பார்த்துவிட்டுச் சட்டையைக் கழற்றச் சொன்னார். கைக்கு வைத்தியம் பார்க்க வந்தவனின் முதுகை ஏன் பார்க்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. "இருமினால் பின்மண்டை வலிக்குமா?" என்றார். இரண்டு வருஷமாக வலித்துக்கொண்டிருந்தது. சளி என்று விட்டுவிட்டேன். பிறகு படுக்க வைத்து, சாவியின் முனையால் வயிற்றில் தொப்புளைச் சுற்றி லேசாகக் கீறினார். கீறுகிற பக்கமாகத் தொப்புள் சுண்ட வேண்டுமாம். இடப்பக்கம் சுண்டியது. வலப்பக்கம் அசையவே இல்லை. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்.

படத்தில் தெரிந்தது இதுதான். சிறுமூளையின் கீழ்நுனி, மண்டையோட்டின் அடித்துளை வழியாகக் கழுத்துக்குள் இறங்கியிருந்தது. 1891-ல் பிராகில் இருந்த ஹான்ஸ் கியாரி என்ற நோய்க்குறியியல் பேராசிரியர் இத்தகைய கோளாறுகளை விவரித்து எழுதினார். அவர் பெயரே நிலைத்துவிட்டது. மூளைக்கும் தண்டுவடத்துக்கும் இடையே ஒரு திரவம் ஒவ்வொரு இதயத்துடிப்புக்கும் முன்னும் பின்னும் நகர்கிறது. அந்த வழி அடைபட்டதால், தண்டுவடத்தின் நடுவே நீர் தேங்கி ஒரு குழி விழுந்திருந்தது. அதற்குச் சிரிங்கோமைலியா என்று பெயர். பம்ப்காரனுக்கு இதைவிட விளக்கம் வேண்டுமா? டெலிவரி லைனில் அடைப்பு, உள்ளே பிரஷர்.

சூட்டையும் வலியையும் கொண்டுபோகிற நரம்பிழைகள் தண்டுவடத்தின் நடுவில்தான் பக்கம் மாறிக் கடக்கின்றன. குழி முதலில் அவற்றைத்தான் கெடுக்கிறது. தொடு உணர்வு வேறு பாதையில் போவதால் தப்பிவிடுகிறது. அதனால்தான் பாக்கெட்டுக்குள் கைவிட்டு ஒரு ரூபாயா இரண்டு ரூபாயா என்று சொல்ல முடிந்த எனக்கு, பழுத்த கம்பி சுடவில்லை. முதுகுத் தசைகளுக்கு இருபக்கமும் சமமாகக் கட்டளை போகாததால்தான் எலும்பும் வளைகிறது என்று கருதுகிறார்கள். தையற்காரர் பார்த்த தோளும் ஸ்மித்தியில் வெந்த கையும் ஒரே கோளாறின் இரண்டு முனைகள்.

பின்மண்டையில் கொஞ்சம் எலும்பை எடுத்து வழிவிடும் அறுவை சிகிச்சை நடந்தது. முதல் செமஸ்டர் தேர்வு போயிற்று. அறை நண்பன் கார்பன் தாள் வைத்து எழுதிய நோட்ஸில்தான் அரியர்ஸ் முடித்தேன். குழி சுருங்கிவிட்டது. தலைவலி போய்விட்டது. வளைவு அப்படியே நின்றுவிட்டது. போன சூடு மட்டும் திரும்பி வரவில்லை. பத்து வயதுக்குள் கண்டுபிடித்து, வளைவும் சிறியதாக இருந்தால், இந்த ஒரு சிகிச்சையிலேயே முதுகு ஓரளவு நிமிர்கிற பிள்ளைகளும் உண்டு. உள்ளே குழி இருப்பது தெரியாமல் கம்பி வைத்து முதுகை நிமிர்த்தப் போனால் தண்டுவடத்துக்கே ஆபத்து வரலாம்.

இதைக் கேட்டுவிட்டு, முதுகு வளைந்த பிள்ளைகளை எல்லாம் ஸ்கேனுக்கு இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். பெரும்பாலும் மார்பு வளைவு வலப்பக்கம்தான் இருக்கும். இடப்பக்கம் இருந்தாலோ, பத்து வயதுக்குள் வந்தாலோ, வேகமாகக் கூடினாலோ, கைகால் மரத்தாலோ, இருமும்போது தலை வலித்தாலோ, "நரம்பையும் பார்த்தீங்களா டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பிள்ளையைக் குனிந்து நிற்கச் சொல்லி முதுகைப் பின்னாலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் மேடு தெரியும். அதற்குச் செலவே இல்லை.

இன்ஸ்ட்ரக்டர் சார் ஓய்வு பெற்றுவிட்டார். இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பஸ் பணத்தை அவர் இதுவரை என்னிடம் வாங்கிக்கொள்ளவில்லை.

சற்று முன்னால் மேடையில் காபி கொடுத்த தம்பி ஒரு மாதிரியாகப் பார்த்தார். இடது கையால் வாங்கியதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம் தம்பி. வலது கையால் வாங்கினால் காபி சுடுகிறதா என்று எனக்குத் தெரியாது.