மண்டபத்துக்குக் கமரா பொருத்தும் முன்



புலம்பெயர் நாடுகளில் தமிழ்ப் பாடசாலைகளும் மன்றங்களும் இயங்கும் கட்டடங்கள் பல, முன்னர் தேவாலயங்களாகவோ களஞ்சியங்களாகவோ இருந்தவை. வார நாட்களில் அவை பூட்டிக் கிடக்கும். வார இறுதியில் பிள்ளைகளாலும் பெற்றோராலும் நிறையும். அத்தகைய கட்டடத்தில் ஒருமுறை களவு நிகழ்ந்துவிட்டால் நிர்வாகக் குழு பெரும்பாலும் ஒரே முடிவையே எடுக்கிறது: எட்டுக் கமராக்கள் அடங்கிய பெட்டி ஒன்றை வாங்கி, ஏணி எட்டும் இடங்களில் மாட்டிவிடுவது. அடுத்த களவின்போது பதிவில் தெரிவது ஒரு தொப்பியின் மேற்பகுதி. கருவியில் பழுது எதுவும் இல்லை. எதைக் காண வேண்டும் என்று எவரும் முதலில் கேட்கவில்லை, அவ்வளவே.

ஆள் நடமாட்டம் தெரிந்தால் போதுமா, தெரிந்தவரை இனங்காண வேண்டுமா, முன்பின் அறியாதவரின் முகத்தை ஐயமின்றி அடையாளம் காட்ட வேண்டுமா? இம்மூன்றும் வேறு வேறு தேவைகள். 2014 ஆம் ஆண்டில் வெளியான ஐஇசி 62676-4 என்னும் பன்னாட்டுத் தரநியமம் இவற்றுக்கு அளவு வகுத்தது. காட்சியின் அகலத்தில் ஒரு மீற்றருக்கு 25 படப்புள்ளிகள் இருந்தால் ஆள் இருப்பது தெரியும். 125 இருந்தால் தெரிந்தவரை இனங்காணலாம். அறியாதவரை அடையாளங்காண 250 வேண்டும்.

இனிக் கணக்கைப் பார்ப்போர் வியப்படைவர். படத்தின் அகலத்தில் 1920 படப்புள்ளிகள் கொண்ட கமரா, அடையாளங்காணும் தரத்தில் காட்டக்கூடிய அகலம் 7.7 மீற்றர் மட்டுமே. பெட்டியில் வரும் 2.8 மில்லிமீற்றர் வில்லை ஏறக்குறைய 100 பாகை விரிவாகப் பார்க்கிறது. பத்து மீற்றர் தொலைவில் அக்காட்சி 24 மீற்றர் அகலமாகிவிடும். மீற்றருக்கு 80 படப்புள்ளிகளே எஞ்சும். தெரிந்தவரைக்கூட அங்கே இனங்காண முடியாது. எனவே தரிப்பிடம் முழுவதையும் பார்க்கும் கமராவிடம் முகத்தை எதிர்பார்க்கக் கூடாது. முகத்தைப் பதிய வேண்டிய இடம் வாயில். எல்லோரும் கடக்கும் அந்த ஒரு மீற்றர் அகலத்துக்கென்று, குறுகிய பார்வை கொண்ட தனிக் கமரா ஒன்று, முகமட்டத்துக்குச் சற்று மேலே, உட்புறத்திலிருந்து வாயிலை நோக்கியவாறு இருக்க வேண்டும். நான்கு மீற்றர் உயரத்தில் மாட்டினால் கிடைப்பது முன்சொன்ன தொப்பிதான்.

உள்ளிருந்து கண்ணாடிக் கதவை நோக்கினால் பகலில் பின்னொளியால் முகம் கருநிழலாகும். வெளிச்ச வேறுபாட்டைச் சமன்செய்யும் திறனுள்ள கமராவே அங்கு உதவும். இலண்டனில் டிசம்பர் மாதம் நான்கு மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடுவதால், மாலை வகுப்பு முடியும் நேரம் முழு இருள். கமராவின் அகச்சிவப்பு ஒளியை நம்புவதைவிட வாசலில் நல்ல விளக்கு ஒன்றைப் பொருத்துவது மேல். பிள்ளைகளுக்கும் அதுவே பாதுகாப்பு; செலவும் குறைவு.

கம்பியிடல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தரவும் மின்சாரமும் ஒரே வலையமைப்புக் கம்பியில் செல்லும் முறை 2003 இலேயே தரநியமமாயிற்று. கம்பியின் நீளம் 100 மீற்றரைத் தாண்டலாகாது. பதிவுக் கருவியை அலுவலக மேசையில் வைத்தால் திருடன் அதையும் எடுத்துச் செல்வான். பூட்டிய அலுமாரியே அதற்குரிய இடம்.

சேமிப்பில்தான் பலர் ஏமாறுகின்றனர். வினாடிக்கு 4 மெகாபிற் வேகத்தில் இடைவிடாது பதியும் ஒரு கமராவுக்கு நாளொன்றுக்கு 43 கிகாபைற் தேவை. எட்டுக் கமராக்களுக்கு ஏறத்தாழ 346. பெட்டியோடு வரும் 2 ரெராபைற் வட்டு ஆறு நாட்களுக்குள் நிரம்பி, பழைய பதிவின் மேல் புதியதை எழுதத் தொடங்கிவிடும். விடுமுறைக் காலத்தில் நிகழ்ந்த களவு இரண்டு வாரங்கள் கழித்துத் தெரிய வந்தால், பார்க்க எதுவும் இராது. அசைவின்போது மட்டும் பதிவதும் 31 நாட்களுக்கேற்ற வட்டை வாங்குவதும் இதற்கு வழிகள்.

அடுத்தது கடவுச்சொல். 2016 ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத கமராக்களையும் பதிவுக் கருவிகளையும் பெருந்தொகையாகக் கைப்பற்றியது. அவ்வாண்டு ஒக்ரோபரில் டைன் நிறுவனத்தின் மீது நடந்த தாக்குதலால் அமெரிக்காவில் பெரும் இணையத்தளங்கள் பல முடங்கின. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான கடவுச்சொல்லைப் பிரித்தானியா 2024 ஏப்ரலில் சட்டத்தால் தடைசெய்தது. ஆயினும் அதற்கு முன்னர் வாங்கிய கருவிகள் சுவர்களில் இன்னும் தொங்குகின்றன.

இது தொழில்நுட்பத்தோடு நின்றுவிடும் விடயமன்று. சுற்றிவளைப்புகளில் தலையாட்டியின் முன் வரிசையாக நிறுத்தப்பட்ட தலைமுறையினர் பலர் இன்று இம்மண்டபங்களை நடத்துகின்றனர். யார் யார் வந்தார்கள் என்ற பட்டியல் தவறான கையில் என்ன செய்யும் என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. வாயிற்கமராவின் ஒரு மாதப் பதிவும் அத்தகைய பட்டியலே. அதைக் குழு உறுப்பினர் அனைவரும் தத்தம் கைப்பேசியில் பார்க்கலாம் என்று விடுவது பெருந்தவறு. இருவர் போதும், பார்த்த நாளும் காரணமும் குறிப்பேட்டில் எழுதப்பட வேண்டும்.

பெற்றோர் சிலர் குழுவிடம் வேறொன்றும் கேட்பதுண்டு: மகள் வகுப்புக்குப் பின் யாருடன் நின்று பேசினாள் என்று பார்த்துச் சொல்ல முடியுமா? அக்கறையில் பிறக்கும் கேள்விதான். ஆனாலும் மறுக்கப்பட வேண்டியது. களவைத் தடுக்கவென்று பொருத்திய கமரா பிள்ளைகளை வேவு பார்க்கப் பயன்பட்டது தெரிந்தால், இளையோர் அம்மண்டபத்துக்கு வருவதையே நிறுத்திவிடுவர். சட்டமும் அவர்கள் பக்கமே. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையிலுள்ள தரவுப் பாதுகாப்பு விதிகளும், அவற்றைத் தழுவிய பிரித்தானியச் சட்டமும், ஒரு நோக்கத்துக்காகப் பதிந்ததை அதனோடு பொருந்தாத வேறொன்றுக்குப் பயன்படுத்த இடமளிப்பதில்லை. அறிவித்தற் பலகை வேண்டும். தம்மைக் காட்டும் பதிவை எவரும் கேட்கலாம், பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதிலளிக்க வேண்டும். ஒலிப்பதிவை அணைத்துவிடுவதே நல்லது. வீட்டுக் கமராவுக்கும் எல்லை உண்டு: வீட்டிலிருந்து பொதுத் தெருவையும் பதிந்த ஒருவரின் வழக்கில், அது தனிப்பட்ட வீட்டுப் பயன்பாட்டுக்குள் அடங்காது என ஐரோப்பிய நீதிமன்றம் 2014 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

பொறியியல் பயிலும் இளையோர் மன்றந்தோறும் இருக்கின்றனர். தரைப்படத்தில் கமராக்களின் பார்வைக் கோணங்களை வரைந்து, மேற்சொன்ன கணக்கைப் போட்டுப் பார்க்கும் பணியை அவர்களிடம் ஒப்படைக்கலாம். பொருத்துநருக்கு இறுதிப் பணம் கொடுக்கும் முன், இரவில், விளக்குகள் வழக்கம்போல் இருக்கையில், தொப்பி அணிந்த ஒருவர் வாசலால் உள்ளே நடந்து வர வேண்டும். அப்பதிவை வெளியே எடுத்து வேறொரு கணினியில் ஓட்டி, முகம் தெரிகிறதா, நேரம் சரியா என்று பார்த்த பின்னரே கையொப்பமிட வேண்டும். கடவுச்சொல்லை உறையிலிட்டு ஒட்டி, குழு மாறும் நாளில் சாவிகளோடு சேர்த்துக் கையளித்து, புதிய குழு அன்றே அதை மாற்றிவிட வேண்டும்.