வேரிலே ஓர் உரக்கடை

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஆற்றிய உரை)



புதுக்கன்று நட்ட ரப்பர் நிரையிலும் செம்பனை நிரையிலும் தரை தெரியாமல் கொடி படர விடுகிறார்கள் அல்லவா? பியூரேரியா போன்ற பயறு இனக் கொடிகள் அவை. மண் அரிக்காமல் இருக்கத்தானே என்பீர்கள். அது பாதிதான். மீதி மண்ணுக்குள்ளே இருக்கிறது.

ஒரு கொடியைப் பக்குவமாகத் தோண்டிப் பாருங்கள். வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அவற்றுள் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர் குடியிருக்கிறது. காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்; ஆனால் செடி அதை நேரே எடுத்துக்கொள்ள முடியாது. இந்த நுண்ணுயிர் அதைப் பிடித்து உரமாக்கிக் கொடுக்கிறது. கூலியாகச் செடி சர்க்கரை கொடுக்கிறது. 1886-இல் ஹெல்ரீகல் என்ற ஜெர்மானிய அறிஞர் இந்த உண்மையை அறிவித்தார்.

முடிச்சைக் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். யூரியாவை அள்ளிப் போட்டால் முடிச்சு சரியாக உண்டாகாது.

பெற்றோர்களே, வீட்டுப் பின்புறம் பயற்றங்காய் போடுகிறோம். காய்ப்பு முடிந்ததும் பலர் கொடியை வேரோடு பிடுங்கி எரித்துவிடுகிறார்கள். காசு கொடுத்து வாங்கும் சத்தை நாமே கொளுத்தலாமா? கொடியைத் தரையோடு அறுங்கள். வேரை மண்ணிலேயே விடுங்கள். சத்து இலையிலும் நிறைய உண்டு. தழையை அங்கேயே புதையுங்கள். அடுத்து அதே பாத்தியில் கீரையோ மிளகாயோ போடுங்கள். உரச்செலவு கொஞ்சமாவது மிச்சப்படும்.

மாணவர்களே, நாளைக்கே ஒரு பயற்றஞ்செடியைத் தோண்டி, முடிச்சுகளை எண்ணி, நோட்டில் எழுதி வாருங்கள். கண்ணால் கண்ட பாடம் மறக்காது.