ஊராரின் சொல்லே சான்று



ஓர் ஊரில் கொடுங்கொலை நிகழ்ந்துவிட்டால் ஊரார் முதற்கண் கூறுவது யாது? "எம்மூர் அத்தகையதன்று" என்பதே. அக்கூற்றை உரைகல்லில் இட்டுப் பார்த்த ஆவண நாடகம் ஒன்றுண்டு. அதன் பெயர் 'இலாரமித் திட்டம்'.

இலாரமி, அமெரிக்க நாட்டு வயோமிங்கு மாநிலத்துச் சிறுநகர். அங்குள்ள பல்கலைக்கழகத்திற் பயின்றவர் மாத்தியூ செப்பர்டு, அகவை 21, தன்பாலாரை விரும்பும் இயல்பினர். 1998 அக்குதோபர் 6 இரவில் இளைஞர் இருவர் அவரை ஊர்ப்புறத்துக்குக் கொண்டு சென்று, வேலியிற் பிணித்து, தலையில் நைய அடித்து, குளிரில் விட்டகன்றனர். 12-ஆம் நாள் மருத்துவமனையில் அவருயிர் பிரிந்தது.

கொன்றவர் இருவரும் வாழ்நாட் சிறை பெற்றனர். ஆயின், கொலைக்கு முன்னரே ஊரிற் புழங்கிய இகழ்ச்சொற்களை எந்த மன்றம் உசாவும்?

அடுத்த திங்களே மோயிசசு காப்மன் என்பாரும் அவர்தம் தெக்டானிக்கு நாடகக் குழுவினரும் நியூயார்க்கினின்று அங்குச் சென்றனர். பன்முறை சென்று 200-க்கும் மேற்பட்ட நேர்காணல்களைத் தொகுத்தனர். காவலர், குருமார், ஆசிரியர், மாணவர், குடிப்பகப் பணியாளர் எனப் பலரும் பேசினர். அச்சொற்களோடு குழுவினரின் நாட்குறிப்புகளையும் முறைமன்றப் பதிவுகளையும் கோத்தே நாடகம் யாத்தனர். கொலைக்காட்சி மேடையில் இல்லை. எண்மர் மட்டுமே 60-க்கும் மேற்பட்ட மாந்தராய் மாறிமாறித் தோன்றுவர். இரங்கிப் பேசிய வாயே அடுத்து வெறுப்பையும் பேசும். அனைவரும் ஓரூராரே என்பதை அவையினர் அப்போது உணர்வர்.

2000-இல் தென்வர் நகரில் அரங்கேறிய அந்நாடகம், அவ்வாண்டே இலாரமியிலும் நடிக்கப்பெற்றது. தாம் உரைத்தவற்றை ஊரார் தம் செவியாலேயே கேட்டனர்.

பத்தாண்டு கழிந்தபின் குழுவினர் மீண்டுஞ் சென்றனர். "அது வெறும் வழிப்பறி, வெறுப்புக்கு அதில் இடமில்லை" என்பாரை அப்போது அங்குக் கண்டனர். முறைமன்றப் பதிவுகள் இருந்தும் ஊர்நினைவு திரியத் தொடங்கியிருந்தது! அத்திரிபையும் பதிந்து, 2009-இல் இரண்டாம் நாடகம் எழுந்தது. அவ்வாண்டே குடியரசுத் தலைவர் ஒபாமா வெறுப்புக் குற்றத் தடுப்புச் சட்டத்திற்குக் கையொப்பமிட்டார். அச்சட்டம் இருவர் பெயர் தாங்கியது: ஒருவர் செப்பர்டு, மற்றவர் 1998-இல் தெக்சாசு மாநிலத்தில் நிறவெறியரால் மாண்ட கருப்பினத்தவராகிய சேம்சு பைர்டு.

அவையோரே! சட்டம் கொன்றவரை ஒறுக்கும். அண்டை வீட்டாரை இழித்துரைக்குஞ் சொல்லைக் கேட்டும் வாளாவிருந்தவரை அது தொடாது. அவர்தம் நெஞ்சைத் தொடுவதற்கே இத்தகைய நாடகம் வேண்டும். எங்கே ஒருவரை இழிக்குஞ் சொல் எழுகின்றதோ, அங்கேயே அதை மறுத்துரைப்போமாக. கொலை நிகழ்ந்தபின் இரங்கியழுவதினும் அதுவே தலையாய கடன்.