இடிப்பதற்கு முன் பார்த்து வருவோம்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பள்ளிவாசலையொட்டி நிற்கும் பழைய மதரஸாக் கட்டடத்தை இடித்துவிட்டுக் கடைகள் கட்டலாம் என்னும் தீர்மானம் இன்று நம் முன் உள்ளது. வாடகை வருமானம் தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அதன் மீது முடிவெடுக்கும் முன் சில ஊர்களுக்குச் சென்று, அங்கே பழைய கட்டடங்களை எவ்வாறு வைத்திருக்கிறார்கள் என்று கண்டு வருவது நல்லது எனக் கருதுகிறோம்.

இராமேசுவரத்தில் பள்ளிவாசல் தெருவில் டாக்டர் அப்துல் கலாம் வளர்ந்த வீடு உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சுண்ணாம்புக்கல்லாலும் செங்கல்லாலும் கட்டப்பட்ட வீடு அது என்று 'அக்கினிச் சிறகுகள்' நூலில் அவரே குறிப்பிட்டுள்ளார். மாடியில் அவர் பெற்ற விருதுகளும் புகைப்படங்களும் வைக்கப்பட்டுள்ளன. பேக்கரும்பில் 2017இல் திறக்கப்பட்ட நினைவகம் இதைவிட மிகப் பெரியது, பார்க்க வேண்டியதும்கூட. ஆனால் பள்ளிவாசலும் கோயிலும் கடலும் நடந்து செல்லும் தொலைவில் இருக்க, ஒரு சிறுவன் எந்தத் தெருவிலிருந்து புறப்பட்டான் என்பதை அந்த வீட்டின் படிகளில் ஏறும்போதுதான் நம் பிள்ளைகள் உணர்வார்கள்.

சென்னைத் திருவல்லிக்கேணியில் பாரதியார் இறுதியாக வாழ்ந்த வீடு 1993இல் நினைவில்லமாயிற்று. அவர் மறைந்தது 1921இல். இடைப்பட்ட 72 ஆண்டுகளில் எவரேனும் அதை இடித்திருந்தால் அரசு எதை வாங்கியிருக்கும்?

'பயன்படாத கட்டடம்' என்று சிலர் கூறினார்கள். மதுரையில் இராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில்தான் 1959ஆம் ஆண்டு முதல் காந்தி நினைவு அருங்காட்சியகம் இயங்கி வருகிறது. அரண்மனை அரண்மனையாகவே நிற்கிறது. உள்ளே நடக்கும் பணி மட்டும் மாறியிருக்கிறது. நம் மதரஸாவின் முன்தாழ்வாரத்திலும் இரண்டு மூன்று கடைகளுக்கு இடமுண்டு என்பதைக் கட்டடம் தெரிந்தவர்கள் அளந்து பார்த்துச் சொல்லட்டும்.

நமக்கு நெருக்கமானவை கீழக்கரையும் காயல்பட்டினமும். கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளிவாசலின் கல்தூண்களைக் காண்போருக்குக் கோயில் மண்டபம் நினைவுக்கு வரும். கூர்ந்து நோக்கினால் ஓர் உருவமும் இராது. பூவும் கொடியுமே இருக்கும். கல்தச்சர்களின் கைப்பழக்கமும் நம் மார்க்கத்தின் வரம்பும் ஒரே தூணில் சேர்ந்து நிற்கின்றன. காயல்பட்டினத்தில் வீடுகளின் பின்புறம் பெண்கள் நடமாடுவதற்கென்றே அமைந்த முடுக்குகளைப் பாருங்கள். நம் பாட்டிமார்களின் அன்றாட வாழ்வை அந்தச் சந்துகளைப் போல் எந்த நூலும் காட்டிவிடாது.

'சுவர் உப்புப் பூத்து உதிர்கிறதே' என்பது அடுத்த வாதம். அந்தச் சுவரை எழுப்பியது சுண்ணாம்புச் சாந்தினால். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்த அச்சாந்து, உள்ளே புகும் ஈரத்தை மெல்ல வெளியேற்றிவிடும். அதன்மீது சிமெண்டு பூசினால் ஈரம் போக வழியின்றி உள்ளேயே தங்கி, உப்பைக் கிளப்பிச் செங்கல்லை அரிக்கும். நம் மதரஸாச் சுவரிலும் சிமெண்டு பூசிய கீழ்ப்பகுதிதான் உதிர்கிறது. சுண்ணாம்பு விடப்பட்ட மேல்பகுதி உறுதியாக உள்ளது. கிழடு தட்டியது கட்டடமன்று, மேற்பூச்சுதான்! செட்டிநாட்டில் பழைய முறையில் சுண்ணாம்புப் பூச்சு வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை அழைத்துச் செலவு மதிப்பீடு வாங்க வேண்டும். அது கையில் இல்லாமல் இடிப்பதா வேண்டாமா என்று பேசுவதில் பொருளில்லை.

ஆகவே இத்தீர்மானத்தை அடுத்த பொதுக்குழு வரை ஒத்திவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அதற்குள் மேற்சொன்ன ஊர்களுக்குச் சென்று வர விரும்புவோர் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். பெண்களும் மதரஸா மாணவர்களும் அவசியம் வர வேண்டும். வண்டி வாடகையை வருவோரே பகிர்ந்துகொள்வோம். பைத்துல்மாலில் கை வைக்க மாட்டோம். அம்மதரஸாவில் ஓதிய மூத்தவர்கள் எந்த அறையில் யார் ஓதிக்கொடுத்தார்கள் என்பதை இப்போதே எழுதித் தந்தால், புறப்படும் முன் அதையும் படித்துவிடுவோம்.