இணைப்பு யார் பெயரில்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஐந்து நிமிஷம்தான் தந்திருக்கிறார்கள். ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன்.

வெயில் காலத்தில் வாசலில் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறவர்கள் நாம். குடித்துவிட்டுப் போனவர் அப்புறம் என்ன செய்தார் என்று பந்தல் வைத்தவரை யாரும் கேட்பதில்லை. வீட்டு வைஃபையையும் அப்படியே 'நாலு பேர் உபயோகிக்கட்டுமே' என்று திறந்து விடலாமா? இங்கேதான் கணக்கு மாறுகிறது.

உங்கள் ரூட்டரில் பத்துப் பேர் சேர்ந்தாலும் வெளியே தெரிவது பெரும்பாலும் ஒரே ஐ.பி. முகவரிதான். அது யாருடையது என்று கேட்டால், சேவை நிறுவனத்தின் பதிவேடு இணைப்பு வாங்கியவர் பெயரைத்தான் சொல்லும். தெருவில் நின்று உபயோகித்தவன் பெயர் அதில் இருக்காது.

2008 ஜூலை 26. ஆமதாபாத் தொடர் குண்டுவெடிப்பில் 56 பேர் இறந்தார்கள். வெடிப்பதற்குச் சில நிமிஷம் முன்னால் செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அதன் ஐ.பி. முகவரியைத் தேடிப் போன போலீஸ், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கர் வீட்டில் போய் நின்றது. அவருடைய வைஃபைக்குப் பூட்டு இல்லை. விசாரணை நடந்தது, கணினிகள் பரிசோதனைக்குப் போயின. இந்த மின்னஞ்சல்களுக்காக அந்த அக்டோபரில் கைதானவர்கள் வேறு ஆட்கள். ஆகஸ்டில் வந்த அடுத்த மின்னஞ்சலோ மும்பை மாட்டுங்காவில் ஒரு கல்லூரியின் வைஃபை வழியாகப் போயிருந்தது. ஆமாம், நம்மைப் போல ஒரு கல்லூரிதான்!

தம்பிகளே, வாடகை அறையில் ஐந்து பேர் இருப்பீர்கள். இணைப்பு ஒருவன் பெயரில் இருக்கும். பாஸ்வேர்ட் பக்கத்து அறைக்குப் போகும், அங்கிருந்து மெஸ் வரைக்கும் போகும். நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் கதவு தட்டப்படுவது அந்த ஒருவனுக்குத்தான். வேலைக்குப் போகிற வயசில் இது சின்ன விஷயமா? அதோடு, உள்ளே வந்தவன் உங்கள் பிரிண்டரையும் கேமராவையும்கூட எட்டிப் பார்க்கலாம்.

செய்ய வேண்டியது அரை மணி நேர வேலை. டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 பூட்டு போடுங்கள். பழைய டபிள்யூ.இ.பி. பூட்டு 2001-லேயே உடைக்கப்பட்டுவிட்டது. நீளமான பாஸ்வேர்ட் வையுங்கள். ரூட்டரோடு வந்த நிர்வாக பாஸ்வேர்டை மாற்றுங்கள். விருந்தாளிக்கு 'கெஸ்ட் நெட்வொர்க்' கொடுங்கள். ஆனால் அதுவும் உங்கள் பெயரில்தான் போகிறது. தெரிந்தவருக்கு மட்டும் கொடுங்கள்.

பகிரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஊருக்கே கொடுக்க ஆசைப்பட்டால் முறை இருக்கிறது. மத்திய அரசு 2020 டிசம்பரில் அனுமதித்த பி.எம்.-வாணி திட்டத்தில், டீக்கடைக்காரர்கூட லைசென்ஸ் இல்லாமல் பொது வைஃபை நடத்தலாம். அதில் வருகிறவர் முதலில் தன் அடையாளத்தைப் பதிந்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

தாராளமாகக் கொடுங்கள். ஆனால் உங்கள் பெயரை மட்டும் முகம் தெரியாதவர் கையில் கொடுக்காதீர்கள்.