நின்றுபோகும் எந்திரத்தின் சாட்சியம்

தோப்புகளிலும் மரக்கடைகளிலும் ‘செயின் சா’ என்றும் ‘பவர் சா’ என்றும் வழங்கும் பெட்ரோல் மரம் அறுப்பு எந்திரம், பல ஆண்டுகள் உழைத்தபின் ஒருநாள் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும்போதோ, ஸ்டார்ட் ஆகிச் சில நிமிடங்களில் அடங்கிவிடும்போதோ, அதை வைத்திருப்பவர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்: கார்புரேட்டரின் திருகுகளை மனம்போனபடி திருப்புகிறார், அல்லது பிளக், காயில், கார்புரேட்டர் என ஒவ்வொன்றாக வாங்கி மாற்றிக்கொண்டே போகிறார். இவ்விரண்டுக்கும் பழுதறிதல் என்னும் கலையோடு தொடர்பில்லை. எந்திரம் எப்போது நிற்கிறது, எப்படி நிற்கிறது, நின்ற அந்தக் கணத்தில் அதன் பிளக் எந்நிலையில் இருக்கிறது என்பவற்றைக் கேட்டறிந்து, அந்தச் சாட்சியத்தின் வழியே காரணத்துக்குச் செல்வதே அக்கலை. அதில் தேர்ந்தவர் திருப்புளியைக் கையில் எடுப்பதற்குமுன் கேட்கும் கேள்விகளாலேயே அடையாளம் காணப்படுகிறார்.

இவ்வெந்திரம் இரு வீச்சு வகையைச் சேர்ந்தது. அதாவது பிஸ்டன் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்குவதற்குள் ஒரு வெடிப்பு நிகழ்ந்துவிடுகிறது. உள்ளே உராயும் பாகங்களுக்கு எண்ணெய் தனித்தொட்டியிலிருந்து வருவதில்லை. பெட்ரோலில் கலந்த டூ-ஸ்ட்ரோக் ஆயிலே அந்த வேலையைச் செய்கிறது. எந்திரம் இயங்குவதற்கு வேண்டியவை மூன்று: தக்க அளவில் எரிபொருளும் காற்றும், தக்க தருணத்தில் மின்பொறி, போதிய கம்ப்ரஷன் எனப்படும் அழுத்தம். எந்தப் பாடநூலும் சொல்லும் செய்தி இது. செயின் சாவைத் தனித்து நிறுத்துவது அதன் கார்புரேட்டர்.

மோட்டார் சைக்கிளின் பழைய கார்புரேட்டரில் மிதவை ஒன்று எரிபொருள் மட்டத்தைக் காக்கிறது. வண்டி நிமிர்ந்து நிற்பதால் அது போதும். மரத்தை வீழ்த்தும்போது பக்கவாட்டிலும், கிளை கழிக்கும்போது ஏறக்குறைய தலைகீழாகவும் பிடிக்கப்படும் எந்திரத்தில் மிதவை பயன்படாது. ஒருவரே தூக்கிச் செல்லும் செயின் சா பரவியதற்கு மிதவையற்ற டயாஃப்ரம் கார்புரேட்டர் முதன்மையான காரணங்களில் ஒன்று. ஜெர்மனியின் ஸ்டில் நிறுவனம் 1959இல் கொண்டுவந்த, சுமார் 12 கிலோ எடையுள்ள ‘கோன்ட்ரா’ போன்ற எந்திரங்கள் அந்த வளர்ச்சியின் பயனே. டயாஃப்ரம் கார்புரேட்டரில் மெல்லிய சவ்வுகள் இரண்டு உள்ளன. பிஸ்டன் ஏறி இறங்கும்போது கிராங்க் அறையில் மாறிமாறி உண்டாகும் உறிஞ்சலும் அழுத்தமும் ஒரு சிறு துளை வழியே முதல் சவ்வைத் துடிக்கச் செய்ய, அச்சவ்வு ஒரு பம்பாக மாறி டேங்கிலிருந்து எரிபொருளை இழுக்கிறது. இரண்டாம் சவ்வு, எந்திரத்தின் தேவைக்கேற்ப ஒரு சிறு நெம்புகோலை அழுத்தி ஊசி வால்வைத் திறக்கிறது. தனி பம்ப் கிடையாது, மிதவை கிடையாது. எந்திரத்தின் மூச்சே அதற்கு உணவு ஊட்டுகிறது. மிகச் சிக்கனமான அமைப்பு இது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்தச் சவ்வுகள் ஆண்டுகள் செல்லச் செல்ல நெகிழ்வை இழந்து விறைத்துவிடுகின்றன என்பதே பழைய எந்திரங்களின் பாதி வரலாறு. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல், ஈரத்தை ஈர்ப்பதோடு, அத்தகைய எரிபொருளை எண்ணிச் செய்யப்படாத பழைய ரப்பர் பாகங்களை விரைவில் கெடுத்தும் விடுகிறது.

ஸ்டார்ட் ஆகாத எந்திரத்தில் முதல் சாட்சி பிளக். பலமுறை கயிற்றை இழுத்தபின் அதைக் கழற்றிப் பார்க்கையில் நுனி வறண்டிருந்தால் எரிபொருள் உள்ளே வரவில்லை; நனைந்து சொட்டினால் எரிபொருள் வந்தும் எரியவில்லை, அல்லது ‘ஓவர்ஃப்ளோ’ எனப்படும் மிகைப்பெருக்கு நேர்ந்திருக்கிறது. வறண்ட பிளக்கானால், ஆயில் கலந்த பெட்ரோலில் சில துளிகளைச் சிலிண்டருக்குள் விட்டு, பிளக்கை மாட்டி இழுக்க வேண்டும். எந்திரம் ஓரிரு நொடி சீறி அடங்கினால் மின்பொறியும் அழுத்தமும் குற்றமற்றவை என்பது ஒரே சோதனையில் தெளிவாகி, தேடல் டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் இடைப்பட்ட ஒரு சாண் வழிக்குள் சுருங்கிவிடுகிறது. டேங்கினுள் கிடக்கும் ஃபில்டர், அதைத் தாங்கும் ரப்பர் குழாய், சவ்வுகள் ஆகியவையே அங்கே சந்தேகத்துக்கு உரியவை. குழாயில் மயிரிழை விரிசல் விட்டிருந்தாலும் பெட்ரோலோடு காற்றும் உறிஞ்சப்படும். வெளியே எடுத்து இழுத்துப் பார்த்தாலன்றி அது கண்ணுக்குப் படாது.

நனைந்த பிளக்கானால் ‘கரண்ட்’ வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிளக்கைக் கழற்றி, அதன் உலோக உடலைச் சிலிண்டரின் உலோகத்தில் பொருத்தி, பிளக் துளையிலிருந்து விலக்கி வைத்துக் கயிற்றை இழுப்பது வழக்கம். துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீறிடுவதால் இந்த விலக்கம் கட்டாயமானது. பொறி இல்லையென்றால் உடனே காயிலின்மேல் பழிபோடுவது அவசரம். எந்திரத்தை நிறுத்தும் சுவிட்சின் கம்பி உரசித் தேய்ந்து உடலில் பட்டுக்கொண்டிருந்தாலும் பொறி வராது. அக்கம்பியைக் கழற்றிவிட்டு இழுத்துப் பார்ப்பதற்கு ஒரு காசும் செலவில்லை. எலெக்ட்ரானிக் இக்னிஷன் வருவதற்கு முந்தைய எந்திரங்களில், மேக்னெட் சக்கரத்தின் அடியில் ‘பாயிண்ட்’ எனப்படும் தொடுமுனைகள் இருக்கும். நெடுநாள் சும்மா கிடந்தால் அவற்றின்மேல் படலம் படிந்து மின்தொடர்பு அறுந்துவிடும். அதைத் துடைத்து, இடைவெளியை 0.4 மில்லிமீட்டர் அளவில், அந்தந்த மாடலுக்கேற்பச் சரிசெய்தாலே பல எந்திரங்கள் மீண்டுவிடும்.

ஆனால் இக்கலையின் நுட்பம் முழுதும் வெளிப்படுவது ஓடி நிற்கும் எந்திரத்தில்தான். சோக் போட்டிருக்கும்வரை ஓடி, அதை எடுத்தவுடன் நின்றால், காற்று மிகுந்து எரிபொருள் குறைந்த ‘லீன்’ கலவையே காரணம். சோக் காற்றைத் தடுப்பதால் அதுவரை அந்தக் குறை மறைந்திருக்கிறது. விறைத்த சவ்வும் விரிசல் விட்ட குழாயும் இப்படித்தான் தம்மைக் காட்டிக்கொள்கின்றன. நிற்பதற்குச் சற்றுமுன் வேகம் திடீரென ஏறினாலும் பொருள் அதுவே. பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக அறுத்துவிட்டு நின்று, சிறிது நேரம் கழித்து மீண்டும் ஸ்டார்ட் ஆகும் எந்திரமோ அனுபவசாலிகளையும் ஏமாற்றும், ஏனெனில் அங்கே இரு வேறு நோய்கள் ஒரே அறிகுறியைக் காட்டுகின்றன. டேங்குக்குள் காற்று புகும் சிறு வழி அடைபட்டால், எரிபொருள் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் கூடி, ஒரே கண் திறந்த தேங்காயில் தண்ணீர் வராமல் நிற்பதுபோல் பெட்ரோலும் நின்றுவிடும். மற்றது காயில், சூடேறியதும் அதன் உட்சுற்றில் தொடர்பு விட்டுப்போய், ஆறியபின் மீண்டும் கூடிக்கொள்கிறது. நின்ற உடனே டேங்க் மூடியைத் திருகிப் பார்த்தால் ‘உஸ்’ என்று காற்று உள்ளிழுக்கும் ஓசை முன்னதைச் சொல்லிவிடும்; ஓசை இல்லையென்றால், சூடு ஆறுவதற்குள் பிளக்கைக் கழற்றிப் பொறியைச் சோதிப்பது பின்னதைத் தீர்மானிக்கும். எந்திரம் ஆறியபின் பட்டறைக்குக் கொண்டுவந்து காட்டுபவருக்கு எந்த மெக்கானிக்கும் இதைக் கண்டு சொல்ல முடியாது.

கார்புரேட்டர் திருகுகளைக் கடைசியாகவே தொட வேண்டும் என்று தேர்ந்தவர்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. முழுவேகத்துக்கான திருகை உள்நோக்கி முடுக்கினால் பெட்ரோல் குறைந்து ஓசை கூர்மையாகிறது. கேட்பவருக்கு எந்திரம் புத்துயிர் பெற்றதுபோல் தோன்றுகிறது. உண்மையில் பெட்ரோலோடு சேர்ந்து ஆயிலும் குறைவதால், பிஸ்டன் வெப்பத்தில் விரிந்து சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும் ‘சீஸ்’ என்னும் கேட்டுக்கு அதுவே நேர்வழி. நன்கு ட்யூன் செய்த எந்திரம் சுமையின்றி முழுவேகத்தில் சற்றே கரகரத்து ஓடி, மரத்தில் இறங்கியதும் அந்தக் கரகரப்பு மறைந்து சீராகும். இந்த ஓசையைப் பிரித்தறியும் செவி புத்தகத்தால் வருவதில்லை.

எல்லாம் சரியாக இருந்தும் எந்திரம் அடங்கினால் சைலன்சரைக் கழற்ற வேண்டும். கரி படிந்து அடைத்த அதன் சல்லடையே குற்றவாளியாக இருந்தால் வேலை எளிதில் முடிந்துவிடும். அதோடு, சைலன்சர் இருந்த துளை வழியே பிஸ்டனின் பக்கவாட்டையும் காணலாம். அங்கே மேலிருந்து கீழாகக் கீறல்கள் ஓடியிருந்தால், புதிய பிளக்கும் புதிய கார்புரேட்டரும் வீண் செலவு. பிஸ்டன் வழவழப்பாக இருந்தும், ஆக்சிலேட்டரை விட்டபின் வேகம் இறங்காமல் இழுத்துக்கொண்டே ஓடினால், கிராங்க் அச்சின் ஆயில் சீல் வழியே காற்று கசிகிறதா என்று பட்டறையில் சோதிக்க வேண்டும்.

கீறல் விழுந்த பிஸ்டனோடு தேய்ந்த சிலிண்டரும் சேர்ந்து, உதிரிபாகமும் கிடைக்காத எந்திரத்தை விட்டுவிடுவதே அறிவுடைமை. மற்றவற்றுக்கு ஒரு சவ்வுத் தொகுதி, ஒரு ஃபில்டர், ஒரு குழாய் ஆகியவையே பெரும்பாலும் போதுமானவை. இத்தகைய எந்திரம் வைத்திருப்பவர்கள், ஒரு மாதத்துக்குமேல் அதற்கு வேலை இராது என்று தெரிந்தால், டேங்கிலுள்ள பெட்ரோலைத் திறந்த வெளியில் வேறு கலத்துக்கு வடித்துவிட்டு, கார்புரேட்டரில் எஞ்சியதும் தீர்ந்து எந்திரம் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு எடுத்துவைக்க வேண்டும்.