காமாலைக் கிருமியும் ஈரல் புற்றும்



"காமாலைதான் இறங்கிடுச்சே, இனி என்னங்க பயம்?" என்று கேட்கிறீர்கள். ஹெபடைட்டிஸ் 'பி' கிருமி சிலர் உடம்பில் சத்தமில்லாமல் தங்கிவிடும். ஈரல் உயிரணுவின் மரபு இழையிலே தன் துண்டைச் செருகும். அந்த இழையில் இடம்விட்டு இடம் தாவும் மரபுத் துண்டுகள் உண்டு. உடம்பு அவற்றைக் கட்டி வைத்திருக்கிறது. கிருமி அந்தக் கட்டை அவிழ்த்துவிடக்கூடும். புற்று வர அதுவும் ஒரு வழி என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். அவிழ்ந்த மாடு விளைந்த வயலில் புகுந்த கதைதான்!

இக்கிருமி கணவன் மனைவிக்குள் பரவும். தாயிடமிருந்து பிள்ளைக்கும் வரும். பிறக்கும்போது தொற்றினால், 10 பிள்ளைகளில் 9 பேரிடம் நிலைத்துவிடும்.

ஆகவே, கர்ப்பம் தெரிந்ததும் இருவரும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பிள்ளை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி. பிறகு 6, 10, 14-ஆவது வாரங்களில். அரசு மருத்துவமனையில் காசு கிடையாது. நாள் தவறாதீங்க.